மறுகரையில் நிற்கும் அம்மா: கடும் நோயில் திரும்பத் திரும்ப வரும் கனவுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்குப் பாலியேட்டிவ் (கடும் நோயின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் பராமரிப்பு) வண்டியில் போய் வரும் செவிலியர் நான். கேரள அரசு 2008-இல் இந்தப் பராமரிப்புக்கென்று தனிக் கொள்கை வகுத்தபின், படுத்த படுக்கையாகிவிட்டவர்களைத் தேடி வீட்டுக்கே செவிலியர் வருவது இங்கே பழகிப்போன காட்சி. புண்ணுக்குக் கட்டுப் போட்டு, சிறுநீர்க் குழாயை மாற்றி, மாத்திரைகளை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, வாசற்படி வரை கூடவே வந்து வீட்டார் தணிந்த குரலில் கேட்பவற்றுள் கனவைப் பற்றிய கேள்வி அடிக்கடி இருக்கும். கனவில் பல் விழுந்தால் சாவு, கல்யாணம் கண்டால் துக்கம், செத்தவர் கூப்பிட்டால் போகக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் கேள்வியின் அடியில் எப்போதும் ஒரே அச்சம்தான் இருக்கிறது.

நுரையீரல் புற்றுநோய் முற்றிய ஒரு தென்னை விவசாயி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மூன்று வாரமாக அவருக்கு ஒரே கனவு. வாய்க்காலின் மறுகரையில், இறந்து பல ஆண்டுகளான அவருடைய அம்மா தூக்குப்போசியோடு நிற்கிறார். நடுவில் தண்ணீர் நிறைந்து ஓடுகிறது. மனைவி தலையணைக்கடியில் அரிவாளை வைத்திருந்தார், கையில் மந்திரித்த கயிறும் கட்டியாகிவிட்டது, அவர் கனவைச் சொல்ல வாயெடுத்தாலே "அதெல்லாம் பேசாதீங்க" என்று அடக்கிவிடுவார். மனைவி தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரத்தில், கனவு கலைந்து எழும்போது மனம் எப்படி இருக்கிறது என்று மட்டும் அவரிடம் கேட்டேன். "கம்மஞ்சோத்து வாசம் வருதுங்க சிஸ்டர். எந்திரிச்சா வகுறு நெறஞ்சாப்பல இருக்குது. பயமெல்லாம் இவளுக்குத்தானுங்க" என்றார்.

கனவில் என்ன வந்தது என்பதைவிட, விழித்த பிறகு என்ன மிஞ்சியது என்பதே எங்களுக்கு முக்கியம். அமெரிக்காவின் பஃபலோ நகரில், இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸில் மருத்துவர் கிறிஸ்டோபர் கெர்ரும் அவருடைய குழுவினரும் 59 நோயாளிகளை நாள்தோறும் விசாரித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் ஒரு முறையேனும் இத்தகைய கனவோ காட்சியோ கண்டதாகச் சொல்லியிருந்தார்கள். இறந்துபோன உறவினர் வரும் கனவுகளே மிகுந்த ஆறுதல் தந்தன என்பதும், இறுதி நெருங்க நெருங்க அவை அடிக்கடி வந்தன என்பதும் அதில் பதிவாகியிருக்கின்றன. இதை வைத்து நாள் குறிக்க முடியாது. ஆனால் அம்மா வருவது அவரைக் கொண்டுபோக அல்ல என்று அந்த மனைவியிடம் சொல்ல எனக்கு இது போதுமானதாக இருந்தது. அடுத்த முறை போனபோது அரிவாள் அட்டாலிக்குப் போயிருந்தது.

எல்லாக் கனவும் இப்படிப்பட்டதல்ல. இதய நோயுள்ள ஒரு பாட்டிக்குத் தினமும் நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்காருவது போன்ற கனவு வந்தது. நானும் முதலில் "கனவுதானே ஆத்தா, விடுங்க" என்று சொல்லி வந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதால் மல்லாந்து படுத்ததும் அவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது, தூங்கிக்கொண்டிருந்த மூளை அந்த முட்டலுக்கு ஓர் உருவம் கொடுத்திருக்கிறது. மருத்துவர் நீர் பிரியும் மருந்தைச் சரிசெய்து, தலைமாட்டை உயர்த்தச் சொன்னபின், ஏறி உட்கார்ந்தவர் வரவில்லை.

ஆகவே அச்சமூட்டும் கனவு புதிதாகத் தொடங்கினால் பலன் பார்ப்பதற்கு முன் உடம்பைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர் கெட்ட கனவு கண்டு வியர்வையில் நனைந்து எழுந்தால் உடனே சர்க்கரை அளவைச் சோதியுங்கள். 70-க்குக் கீழே போயிருக்கலாம். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் புரோப்ரனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகள் சிலருக்குத் தெளிவான, கலங்கவைக்கும் கனவுகளைக் கொண்டுவரும். டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை இரவில் விழுங்கினால் தூக்கமே துண்டு துண்டாகிவிடும் என்பதால் அதைக் காலையிலேயே கொடுக்கச் சொல்கிறோம். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பினும் கனவைக் கூட்டக்கூடும், அதிலும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது உடம்பில் தங்கிவிடும். அதற்காக வீட்டார் தாமாகவே மார்பினை நிறுத்திவிடுவதுதான் பெரிய கொடுமை: வலி திரும்பி, உள்ள தூக்கமும் போய்விடும். அளவைக் குறைப்பதையோ மருந்தை மாற்றுவதையோ மருத்துவர் முடிவு செய்யட்டும்.

விழித்திருக்கும்போதே கனவு தொடர்வது வேறு சங்கதி. பேச்சு குழறுகிறது, காலையில் தெளிவாக இருந்தவர் மாலையில் ஆள் தெரியாமல் திணறுகிறார், ஆகாயத்தில் எதையோ பிடிக்கிறார் என்றால், அது டெலிரியம் எனப்படும், உடல் கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பமாக இருக்கக்கூடும். கிருமித்தொற்று, உப்புச் சத்துக் குறைவு, சிறுநீர் அடைப்பு, ஏன், நான்கு நாள் மலச்சிக்கல்கூட அதற்குக் காரணமாகலாம். அன்றைக்கே எங்களைக் கூப்பிட வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மீண்டவர்களுக்குக் கையைக் கட்டிப்போட்டதும் குழாய் தொண்டையை அடைத்ததும் மாதக்கணக்கில் கனவாக வருவதுண்டு. அவர்களைப் பகல் வெளிச்சத்தில் அந்தக் கனவைச் சொல்லச் செய்து, அதன் முடிவை மட்டும் தாங்கள் விரும்பியபடி மாற்றி, நாளுக்குப் பத்து நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்வது பயனுள்ள ஒரு பயிற்சி. மனநல மருத்துவரின் துணையோடு செய்வது நல்லது.

அந்த விவசாயி காலமாகி இரண்டு மாதம் கழித்து வழக்கமான துக்க விசாரிப்புக்குப் போனேன். இப்போது கனவு மனைவிக்கு. இரவு இரண்டு மணிக்குக் கொடுக்க வேண்டிய மார்பினைத் தவறவிட்டுத் தூங்கிப்போனதாகவும், அவர் வாய்க்கால் ஓரம் வலியில் சுருண்டு கிடப்பதாகவும் தினமும் வருகிறதாம். ஏனென்று கேட்காமல், சுவரில் மாட்டியிருந்த பழைய மருந்து அட்டையை எடுத்துவரச் சொன்னேன். நான்கு மணிக்கொரு முறை கொடுக்கும் மருந்தென்றாலும், ராத்திரி எழுப்ப வேண்டாமென்று பத்து மணிக்கு இரட்டை அளவு எழுதியிருந்தோம். அடுத்தது காலை ஆறுக்குத்தான். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். காலை ஆறு, பத்து, மத்தியானம் ரெண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து. மறுபடியும் மேலிருந்து படித்தார். "ராத்திரி ரெண்டு மணிக்கு மருந்தே இல்லீங்களா?" என்றார்.