கையெழுத்துப் போட்டுவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

மூக்கை எடுப்பாக்க ஃபில்லர் (தோலுக்கு அடியில் ஊசியால் நிரப்பும் பொருள்) போட்டுக்கொண்ட ஒரு பெண் சமீபத்தில் என்னிடம் வந்தார். ஊசி போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. மூக்கு நுனி கருத்துப்போய், ஓரத்தில் தோல் உரிந்து, இரு புருவங்களுக்கும் நடுவே வலைவலையாக ஊதாக் கோடுகள். பேசத் தெம்பில்லாமல் போனை என் பக்கம் நீட்டினார். ஊசி போட்ட அன்று மாலையே கிளினிக்குக்குப் படம் அனுப்பியிருக்கிறார். அதில் மூக்கு நுனி ரத்தமே இல்லாமல் வெளுத்திருந்தது. கூடவே, "ரொம்ப வலிக்குது டாக்டர்." வந்த பதில், "இது நார்மல். ஐஸ் வைங்க." மறுநாள் இன்னொரு படம், இன்னொரு "நார்மல்." மூன்றாம் நாள் அனுப்பியதற்குப் பதிலே இல்லை.

ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்த இரண்டு "நார்மல்" மட்டும் அப்படியே இருக்கின்றன. மற்றவர்கள் செய்த அழகு சிகிச்சையில் கோளாறு ஏற்பட்டு, அதைச் சரிசெய்ய வருபவர்களைப் பார்ப்பது என் வேலையில் பெரும்பகுதி. இப்படிப்பட்ட உரையாடல்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்விட்டது. ஆனால் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தப் பதில்கள்கூட இல்லை, அந்தப் பெண் கடைசியாகச் சொன்னது: "ஃபார்ம்ல இதெல்லாம் வரலாம்னு போட்டிருந்துச்சு. நான்தான் கையெழுத்துப் போட்டுட்டேன். இனிமே என்ன கேக்க முடியும்?"

நிறையக் கேட்க முடியும்.

எத்தனை பேர் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள்! ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒப்புதல் படிவத்தில் நீங்கள் கையெழுத்திடுவது, "எல்லாம் சரியாகச் செய்தாலும் இந்த ஆபத்துகள் வரலாம், அது எனக்குத் தெரியும்" என்பதற்காக. "எப்படி வேண்டுமானாலும் செய்யுங்கள், என்ன ஆனாலும் கேட்க மாட்டேன்" என்று அதற்குப் பொருள் கிடையாது. அந்தப் பொருளில் ஒரு வரியைப் படிவத்தில் சேர்த்துவிட்டாலும், கவனக்குறைவுக்கான பொறுப்பு அதோடு கழிந்துவிடாது.

மூக்கு ஃபில்லரையே எடுத்துக்கொள்வோம். ஊசி முனை ஒரு சிறு ரத்தக்குழாய்க்குள் போய், ஃபில்லர் அதை அடைத்துவிடுவது கைதேர்ந்தவர்களுக்கும் நடக்கும். முகத்து ரத்தக்குழாய்கள் ஆளுக்கு ஆள் வேறு பாதையில் ஓடுபவை. ஆக, அடைப்பு ஏற்பட்டதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் "ரத்தக்குழாய் அடைப்பு ஏற்படலாம்" என்று படிவத்தில் அச்சடித்து வைத்திருப்பவருக்கு, அடைப்பு வந்தால் எப்படி இருக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். தோல் வெளுக்கும், வலி கூடும், பிறகு வலைபோல் நிறம் மாறும். ஹயலுரானிக் அமில ஃபில்லர் என்றால் அதைக் கரைக்க ஹயலுரோனிடேஸ் என்ற மருந்து இருக்கிறது. அது அலமாரியில் தயாராக இருந்திருக்க வேண்டும். வெளுத்த மூக்கின் படம் வந்த அந்த மாலையே, "உடனே கிளம்பி வாங்க" என்று கூப்பிட்டிருக்க வேண்டும். ஐஸ் வைத்தால் ரத்தக்குழாய் இன்னும் சுருங்கும். அடைப்பைச் சந்தேகித்தால் நாங்கள் வைக்கச் சொல்வது வெதுவெதுப்பான ஒத்தடம்.

அந்தப் படிவம் கிளினிக்கைக் காப்பாற்றும் என்று அந்தப் பெண் நம்பிக்கொண்டிருந்தார். எனக்கோ, ஆபத்து அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பதற்கு அவர்களே எழுதிக்கொடுத்த சாட்சியாகத்தான் அது தெரிந்தது.

படிவத்தில் கையெழுத்து வாங்கிய விதத்தையும் கேட்க வேண்டும். யார் விளக்கினார், சிகிச்சை செய்தவரா, வரவேற்பில் இருந்தவரா? என்றைக்கு? பணம் கட்டி, உடை மாற்றி, கையில் ஊசிக் குழாய் ஏற்றிய பிறகு நீட்டப்பட்ட காகிதத்துக்கு மதிப்புக் குறைவு. ரோஜர்ஸ் எதிர் விட்டேக்கர் என்ற ஆஸ்திரேலிய வழக்கை இளம் டாக்டர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஏற்கெனவே பார்வை போயிருந்த ஒரு கண்ணின் தோற்றத்தைச் சீராக்கவும், கொஞ்சம் பார்வை திரும்பலாம் என்ற எண்ணத்திலும் ஒரு பெண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன் விளைவாக நன்றாக இருந்த மற்றொரு கண்ணிலும் பார்வை போனது. அறுவையைச் செய்த விதத்தில் தவறு காணப்படவில்லை. அந்த ஆபத்து ஏறக்குறைய 14,000 பேரில் ஒருவருக்கு வருவது. ஆனாலும் நல்ல கண்ணைப் பற்றி அவ்வளவு கவலையோடு துருவித் துருவிக் கேட்ட நோயாளியிடம் அதைச் சொல்லாமல் விட்டது தவறு என்று 1992-ல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சையில் இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். வேண்டாம் என்று எழுந்து போகும் வாய்ப்பு நோயாளிக்கு எப்போதும் இருக்கிறது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தத் தேவையான தகவலை மறைக்க யாருக்கும் உரிமை இல்லை.

இப்போது மறுபக்கம். நினைத்த மாதிரி வரவில்லை என்பதாலேயே அது அலட்சியம் ஆகிவிடாது. தழும்பு பல மாதங்களுக்குச் சிவப்பாகத்தான் இருக்கும், அடங்குவதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். மூக்கு அறுவைக்குப் பிந்தைய வீக்கம் முழுதாக வடியவும் ஓராண்டு பிடிக்கலாம். ஆறாவது வாரத்தில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வக்கீலைத் தேடாதீர்கள். மார்பக இம்பிளான்ட்டைச் சுற்றி உடல் உருவாக்கும் உறை இறுகிப் போவது, முகத்தை இழுத்துக் கட்டும் அறுவைக்குப் பிறகு முகத்தின் ஒரு பகுதி சில வாரங்கள் சரியாக அசையாமல் இருப்பது, தோல் மரத்துப்போவது, இரு பக்கமும் துல்லியமாக ஒன்றுபோல் அமையாதது, இவை நல்ல கையிலும் நடப்பவை. பொறுப்பான சக மருத்துவர்கள் சரியென ஏற்றுக்கொள்ளும் முறைப்படி டாக்டர் நடந்தாரா என்பதுதான் 1957-ல் இங்கிலாந்தின் போலம் வழக்கிலிருந்து பல நாடுகளில் அளவுகோலாக இருந்துவருகிறது. அப்படி நடக்கவில்லை என்று நிறுவினாலும், அந்தத் தவறால்தான் இந்தப் பாதிப்பு வந்தது என்று காட்ட வேண்டும். பலரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். புகைபிடிப்பதை மறைத்துவிட்டு வயிற்றுத் தோலைக் குறைக்கும் அறுவைக்குப் படுத்தால், தையல் ஓரத்தில் தோல் அழுகுவதற்கு டாக்டரை மட்டும் எப்படிக் கைகாட்டுவது? சிகரெட், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, மூலிகை மருந்து, முன்பு எப்போதோ போட்டுக்கொண்ட ஃபில்லர், எல்லாவற்றையும் சொல்லித் தொலையுங்கள். வெட்கப்பட இது இடமில்லை.

சரி, எதைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும்? வீக்கம், கன்றிப்போதல், மிதமான வலி, முதல் ஓரிரு நாள் லேசான காய்ச்சல், இவையெல்லாம் நாளாக ஆகக் குறைய வேண்டும். குறைந்துகொண்டு வந்தது திரும்ப ஏறினால், அல்லது ஒரு பக்கம் மட்டும் இறுகி, பெருத்து, வலித்தால், உள்ளே ரத்தம் கட்டுகிறதா என்று கை வைத்துப் பார்த்தாக வேண்டும். முகம், கழுத்து அறுவைகளில் இது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும். இமை அறுவைக்குப் பிறகு கண் பிதுங்கி, கடுமையாக வலித்து, பார்வை மங்கினால், கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டி நரம்பை நெருக்குகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பார்வை நிரந்தரமாகப் போகலாம். அங்கே "காலையில வாங்க" என்று சொல்வதற்கு மன்னிப்பே கிடையாது.

லைப்போசக்‌ஷன், அதாவது உடம்பிலிருந்து கொழுப்பைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். உறிஞ்சும் அளவு 5 லிட்டரைத் தாண்டினால் அது பெரிய அறுவை. ஒரு இரவாவது மருத்துவமனைக் கண்காணிப்பில் இருக்க வேண்டியது. மரத்துப்போக உள்ளே செலுத்தும் லிக்னோகெய்ன் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது பல மணி நேரம் கழித்துத்தான், பெரும்பாலும் 8 முதல் 16 மணி நேரத்துக்குள். அப்போது நீங்கள் வீட்டில் படுத்திருப்பீர்கள். வாயைச் சுற்றி மரத்துப்போனால், காதில் இரைச்சல் கேட்டால், பேச்சு குழறினால் காத்திருக்காதீர்கள். வயிறு பலகையாக இறுகி வலித்தால் குடலில் குழாய் பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால் அங்கே ரத்தம் கட்டியிருக்கலாம்; மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். எடுத்த கொழுப்பைப் பிட்டத்தில் ஏற்றும் சிகிச்சையில், அந்தக் கொழுப்பு தசைக்குள் போய்ப் பெரிய ரத்தக்குழாய்களில் நுழைந்து உயிரைக் குடித்த சம்பவங்களுக்குப் பிறகு, பல நாட்டு பிளாஸ்டிக் சர்ஜன்களின் அமைப்புகள் சேர்ந்து 2018-ல் எச்சரிக்கை வெளியிட்டன. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு அடுக்கோடு நிறுத்த வேண்டும், தசைக்குள் போகவே கூடாது. இன்றைக்கும் தசைக்குள் ஏற்றுகிறவரை "அவர் பாணி அது" என்று நான் ஒதுக்கிவிட மாட்டேன்.

தாமதமாக வரும் தொற்று ஒன்றும் உண்டு. காயம் ஆறிவிட்டது என்று நினைத்து சில வாரம், ஏன் சில மாதம் ஆனபின் சிவந்த கட்டிகள் எழும்பி, உடைந்து, சீழ் கசியும். ஆன்டிபயாட்டிக் மாற்றி மாற்றிக் கொடுத்தும் அடங்காது. காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் இதற்குக் காரணமாக இருக்கலாம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரண கல்ச்சர் சோதனையில் அவை தவறிப் போகும், தனியாகக் கேட்டு அனுப்ப வேண்டும். அவை பெரும்பாலும் நுழைவது தண்ணீர் வழியாக, சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத கருவி வழியாக. ஒரே கிளினிக்கில் செய்துகொண்ட இரண்டு மூன்று பேருக்கு இப்படி வந்தால், உங்கள் உடம்பு வாகு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டாக்டர் எல்லாம் சரியாகச் செய்தும் பொருளே கெட்டதாக இருந்த கதையும் உண்டு. பிரான்ஸின் பிஐபி நிறுவனத்தின் மார்பக இம்பிளான்ட்களில் மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான சிலிக்கோன் நிரப்பப்பட்டிருந்தது 2010-ல் வெளியே வந்தது. தங்களுக்குள் இருப்பது எந்த நிறுவனத்து இம்பிளான்ட் என்றே தெரியாமல் தவித்தவர்கள் பலர். பெட்டியில் ஒட்டியிருக்கும் பேட்ச் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஃபில்லருக்கும் அது உண்டு. தராதவரிடம் செய்துகொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

சந்தேகம் வந்துவிட்டது. முதலில் உடம்பு, வழக்கு பிறகு. செய்தவர் உடனே பார்க்க மறுத்தால் அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். "அவரைக் கேட்காமல் வேறு எங்கேயும் போனால் கோபித்துக்கொள்வாரே" என்று காத்திருந்து தோலை இழந்தவர்களை எனக்குத் தெரியும். போகும்போது என்ன செய்தார்கள், என்ன ஏற்றினார்கள் என்று தெரிந்த வரை எழுதி எடுத்துப் போங்கள். ஃபில்லரா, கொழுப்பா, எந்த ஊசி என்று தெரியாமல் நாங்கள் இழக்கும் நேரம் உங்களுடையது.

தினமும் ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படம் எடுங்கள், ஃபில்டர் போடாமல். மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், கோபத்தில் அவரை பிளாக் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் சேமியுங்கள். ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, ஒப்புதல் படிவத்தின் நகல், முன்பின் படங்கள் என எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். தவறே செய்யாத டாக்டருக்கும் அந்தக் குறிப்புகள்தான் பாதுகாப்பு, ஒழுங்காக எழுதி வைத்தவர் தரத் தயங்க மாட்டார். மயக்க மருந்து கொடுத்தது யார் என்ற இடம் காலியாக இருந்தால் அதைத் தனியே குறித்து வையுங்கள்.

அடுத்து, அதே துறையில் உள்ள இன்னொரு டாக்டரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். சிலர் வாய்மொழியாக நிறையச் சொல்வார்கள், தாளில் ஒரு வரி எழுத மாட்டார்கள். என் சக டாக்டர்களில் பலர் இதைச் செய்கிறார்கள், எனக்கு வருத்தம்தான். அப்படியானால் வேறொருவரிடம் போங்கள். வழக்குத் தொடுக்கும் காலக்கெடு நாட்டுக்கு நாடு வேறுபடும், ஆற அமர யோசிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

"இலவசமா இன்னொரு தடவை செஞ்சு சரி பண்ணிடறேன்" என்று உங்கள் டாக்டர் சொல்லலாம். உண்மையான அக்கறையோடு சொல்பவர்களும் இருக்கிறார்கள், நல்ல சர்ஜன்கள் தங்கள் வேலையைத் தாங்களே திருத்தித் தருவது வழக்கம்தான். ஆனால் இரண்டாவது முறை கத்தி பட்டால் முதல் முறை என்ன நடந்தது என்பது அழிந்துபோகும். அவசரம் இல்லையென்றால் படங்களும் இரண்டாவது கருத்தும் கையில் வந்த பிறகு முடிவு செய்யுங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று ஒரு தாளை நீட்டினால், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அதில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இருந்தால் ஒரு வக்கீல் படித்துப் பார்க்கும் வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.