செல்: டார்ச்சிலும் டவரிலும்

ஏற்காட்டில் ஒரு மழை இரவு. கரண்ட் போய் ஒரு மணி நேரம். "தம்பி, செல்லு வீக்காயிருச்சு" என்றார் டீக்கடைக்காரர். நான் பவர் பேங்கை எடுத்து நீட்டினேன். சிரித்துக்கொண்டே கையிலிருந்த டார்ச்சைத் தட்டிக் காட்டினார். ரெண்டு செல் டார்ச்! அவருக்குச் செல் என்றால் முதலில் அதுதான், போனெல்லாம் அப்புறம்.

வேர் ஒன்றுதான். லத்தீனில் 'செல்லா' என்றால் சிற்றறை. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையை நுண்ணோக்கியில் பார்த்து, தேனடை போன்ற அறைகளைக் கண்டு அந்தப் பெயரை வைத்தார். ரசாயனம் அடைத்து மின்சாரம் எடுக்கும் குடுவைக்கும் அதே பெயர் வந்தது. 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், ஊரை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஒரு ரேடியோ நிலையம் வைக்கலாம் என்ற யோசனை பிறந்தது. பிற்பாடு அந்தக் கட்டமும் செல் ஆனது. செல்போனின் செல் இதுதான், பேட்டரியின் செல் அல்ல.

டவருக்கு வந்தால் இரண்டும் சந்திக்கின்றன. லைனில் வரும் மாறுமின்னோட்டத்தை, 'திருத்தி' (ரெக்டிஃபையர்) என்ற கருவி 48 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றும். அதே கம்பியில் பேட்டரியும் இணைந்தே இருப்பதால், கரண்ட் போன நொடியில் அது சுமையை ஏற்றுக்கொள்ளும். டீசல் ஜெனரேட்டர் நிதானமாகக் கிளம்பலாம். ஈய-அமில வகையில் ஒரு செல்லுக்கு 2 வோல்ட், ஆக 24 செல்களின் வரிசை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 3.2 வோல்ட், 15 போதும். வேடிக்கை என்னவென்றால், இங்கே நேர்முனையைத்தான் மண்ணோடு இணைப்பார்கள். செம்புக் கம்பி அரிக்காமல் இருக்கப் பழைய தொலைபேசி நிலையங்களில் தொடங்கிய பழக்கம் அது.

தமிழில் மின்கலம் அருமையான சொல். கலம் என்றால் பாத்திரம், குடுவைக்குப் பொருத்தம். பேட்டரி மின்கல அடுக்கு. ஆனால் டவர் காக்கும் கட்டத்துக்குக் கலம் ஒட்டாது. 'சிற்றறை' என்பது என் கட்சி. செல்பேசி என்று எழுதினால் செல்லுமிடமெல்லாம் கூடவரும் பேசி என்று இன்னொரு பொருளும் இலவசம். கறையானுக்கும் தமிழில் செல் என்று பேர் உண்டு, அதை இதில் இழுக்க வேண்டாம்.

டீக்கடைக்காரர் புதுசாக ரெண்டு செல் போட்டு மூடியைத் திருகினார். வெளிச்சம் வந்ததும் கேட்டார்: "உங்க செல்லுல டவர் இருக்குதா தம்பி?"