இல்லாததை மேலே கேள்: பாட் ஸ்கிரிப்டுக்குள் ஒரு பொத்தான் உருவாகும் விதம்

கணினி அறிவியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "லுவா மொழியில் கிளாஸ் என்ற ஒன்றே கிடையாது. அப்படியிருக்க, அந்த மொழியில் எழுதும் விளையாட்டு பாட் ஸ்கிரிப்டுகளுக்குச் சாளரம், பொத்தான், தேர்வுப்பெட்டி எல்லாம் கொண்ட பொருள்நோக்கு இடைமுக நூலகத்தை எப்படி எழுதுகிறார்கள்?" பள்ளிப் பாடத்தில் இனக்குழு என்ற பெயரில் படித்த கிளாஸைத்தான், அதாவது ஒரே வகைப் பொருள்களை உருவாக்க உதவும் பொது வார்ப்பைத்தான், அவர் குறிப்பிடுகிறார். அதற்கான விடை லுவாவின் ஒரே ஒரு விதிக்குள் அடங்கியிருக்கிறது.

பாட் என்பது மனிதருக்குப் பதிலாக விளையாட்டை ஆடும் நிரல் என்பது பலருக்கும் தெரிந்ததே. ஸ்கிரிப்ட் என்பது அந்தப் பாட்டுக்குள் ஓடும்படி நாம் எழுதும் சிறு நிரல். 1997இல் ஜெர்மனியில் வெளிவந்த டிபியா போன்ற இணைய விளையாட்டுகளில், உயிர்ப்புள்ளி குறைந்தால் மருந்து குடிப்பது, வீழ்ந்த அரக்கனிடமிருந்து பொருள்களை எடுப்பது போன்ற சலிப்பூட்டும் வேலைகளைப் பாட்கள் செய்துவந்தன. விளையாட்டு நிறுவனங்கள் பொதுவாக இவற்றை அனுமதிப்பதில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டுக்கான கிளைடர் என்ற பாட் தொடர்பான வழக்கில், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் பதிப்புரிமை மீறல் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. ஆனால் விளையாட்டின் காவல் மென்பொருளைக் கடக்க வழிசெய்ததற்கு விற்றவரைப் பொறுப்பாக்கியது. மற்றவர்களோடு போட்டியிடும் விளையாட்டில் பாட்டை இறக்கிவிடுவது எனக்கும் உவப்பானதல்ல. ஆனால் ஸ்டார்கிராஃப்ட் என்ற போர் விளையாட்டில் பாட்களே தங்களுக்குள் மோதும் ஆய்வுப் போட்டிகள் 2010 முதல் நடக்கின்றன. அவ்வகைப் பாட்களை எழுதுபவர்களுக்கும் நிரலின் உள்நிலையைத் திரையில் பார்க்க ஓர் இடைமுகம் தேவைப்படுகிறது.

பாட் மென்பொருள் ஸ்கிரிப்டுக்குத் தரும் வசதிகள் பெரும்பாலும் மிகக் குறைவானவை. இந்த இடத்தில் ஒரு செவ்வகம் வரை, இந்த இடத்தில் இந்த எழுத்தை எழுது என்று சொல்லலாம். வரைந்த ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கிடைக்கும். யாராவது சுட்டியால் அழுத்தினால் எந்த எண்ணின்மீது அழுத்தினார்கள் என்ற செய்தி வரும். பொத்தான் என்ற கருத்தே அங்கே இல்லை. இரண்டு பொத்தான்கள் போதுமென்றால், "எண் 7 என்றால் இதைச் செய், 8 என்றால் அதைச் செய்" என்று எழுதி முடித்துவிடலாம். இருபது பொத்தான்களும் இழுத்து நகர்த்தக்கூடிய மூன்று சாளரங்களும் வேண்டும் என்னும்போதுதான் நூலகத்தின், அதாவது ஒருமுறை எழுதித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பின், தேவை எழுகிறது.

லுவாவில் தொகுப்புத் தரவு வகை ஒன்றே ஒன்று: அட்டவணை. ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும். அந்த மதிப்பு எண்ணாகவோ சொல்லாகவோ இன்னோர் அட்டவணையாகவோ, ஏன், ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டான செயற்கூறாகவோகூட இருக்கலாம். எனவே அகலம், உயரம், நிறம், "வரை" என்ற செயற்கூறு ஆகியவற்றை ஓர் அட்டவணையில் போட்டுவிட்டால் அதுவே ஒரு பொத்தான். ஆனால் இருபது பொத்தான்களுக்கும் அதே செயற்கூறுகளை இருபது முறை நகலெடுப்பது வீண். இங்கேதான் அந்த விதி வருகிறது. ஓர் அட்டவணையோடு இண்டெக்ஸ் என்ற குறிப்பை இணைத்து வைக்கலாம்: "என்னிடம் இல்லாத பெயரை யாராவது கேட்டால், அதோ அந்த அட்டவணையிடம் கேள்." அங்கும் இல்லையென்றால், அந்த அட்டவணைக்குரிய குறிப்பு காட்டும் அடுத்த அட்டவணையிடம் கேள்வி போகும். எங்குமே இல்லையென்றால் விடை நில், அதாவது ஒன்றுமில்லை.

இப்போது மூன்று அடுக்குகளை எண்ணிப் பாருங்கள். உச்சியில் "உறுப்பு" என்ற அட்டவணை: இடம், அளவு, மறைத்தல், காட்டல் போன்ற பொதுவானவை அதிலிருக்கும். அதன்கீழ் "பொத்தான்": தனக்கேயுரிய நிறமும், அழுத்தினால் செய்யவேண்டியதும் மட்டும். அதன்கீழ் "குணமாக்கு" என்ற எழுத்தைத் தாங்கிய ஒரு குறிப்பிட்ட பொத்தான். அதில் அந்த எழுத்தையும் திரையிலுள்ள இடத்தையும் தவிர வேறெதுவும் இல்லை. இதனிடம் "உன்னை மறைத்துக்கொள்" என்றால், அந்தச் செயற்கூறு இதனிடமும் இல்லை, பொத்தானிடமும் இல்லை, உறுப்பிடம்தான் இருக்கிறது. லுவா இரண்டு படி ஏறிப்போய் அதை எடுத்துவருகிறது. ஆனால் செயற்கூறு எங்கே கிடைத்தாலும், அது யாரிடம் கேட்கப்பட்டதோ அவர்மீதுதான் இயங்கும், ஏனெனில் முக்காற்புள்ளியிட்டு அழைக்கும்போது கேட்கப்பட்ட அட்டவணையே முதல் உள்ளீடாகச் செல்கிறது. ஆகவே மறைவது "குணமாக்கு" பொத்தான் மட்டுமே. கிளாஸ் என்ற சொல்லே இல்லாமல், மேலுள்ளதன் பண்புகளைக் கீழுள்ளது பெறும் மரபுரிமம் வந்துவிட்டது.

என்னைப் பெரிதும் கவர்வது இந்த விதியின் ஒருதலைத் தன்மை. படிக்கும்போது கேள்வி மேலே ஏறுகிறது, எழுதும்போது ஏறுவதில்லை. நம் வீட்டில் முறுக்கு அச்சு இல்லாவிட்டால் அம்மா வீட்டில் கேட்போம், அங்கும் இல்லாவிட்டால் பாட்டி வீட்டில் வாங்கிவருவோம். ஆனால் புதிதாக ஓர் அச்சு வாங்கினால் அது நம் வீட்டு அலமாரிக்குத்தான் போகும். அதுபோல, ஒரு பொத்தானின் நிறத்தைச் சிவப்பு என்று மாற்றினால், அந்தச் சிவப்பு அந்தப் பொத்தானின் அட்டவணையில் மட்டுமே பதிவாகும். மற்றவை பொதுநிறத்திலேயே இருக்கும். பிறகு அந்தச் சிவப்பை அழிக்க அதே இடத்தில் நில் என்று எழுதினால் போதும்: பொத்தானிடம் நிறம் இல்லாமல் போகிறது, கேள்வி மறுபடியும் மேலே ஏறுகிறது, பழைய பொதுநிறம் தானாகவே திரும்பிவிடுகிறது. "பழைய நிறத்தை எங்கேயாவது சேமித்து வை" என்று ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை. மேலேயுள்ள பொதுநிறத்தை மாற்றினால், தனி நிறம் வைத்துக்கொள்ளாத எல்லாப் பொத்தான்களும் அடுத்தமுறை வரையப்படும்போது புதுநிறத்தில் வரும். பகல், இரவு என்று முழு இடைமுகத்தின் தோற்றத்தையும் மாற்றுவது ஒரே வரியில் முடிந்துவிடும்.

இந்த எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் 1963இல் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற வரைகலை நிரலில், மூலப்படம் ஒன்றைத் திருத்தினால் அதன் பிரதிகள் எல்லாம் திருந்தின. 1980களில் செல்ஃப் என்ற மொழி, கிளாஸ்களை அறவே விலக்கி, இல்லாததை மூதாதையரிடம் கேட்கும் முறையை முழுமையாக வடிவமைத்தது. உலாவிகளில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அதன் வழிவந்ததே. லுவா 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், ரோபெர்ட்டோ யெருசலிம்ஸ்கி உள்ளிட்ட மூவரால் உருவாக்கப்பட்டது. எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸுக்காகப் பல்கலைக்கழகக் குழு செய்துகொடுத்த நிரல்களின் தேவையிலிருந்து அது பிறந்தது. விளையாட்டுகளைப் பற்றி அன்று யாரும் நினைத்திருக்கவில்லை. ஆய்வு நிதி வழங்குபவர்கள் கருவி செய்யும் வேலையை ஆராய்ச்சியாகவே மதிப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. லுவா போன்றவை நிதித் திட்டத்தின் தலைப்பாக அல்லாமல் அதன் ஓரத்தில்தான் முளைக்கின்றன.

இவ்வளவு அழகான விதியில் ஒரு பொறியும் இருக்கிறது. சாளரம் தன் உள்ளேயிருக்கும் பொத்தான்களைப் "பிள்ளைகள்" என்ற பட்டியலில் வைத்துக்கொள்ள வேண்டும். தொடக்கநிலை நிரலாளர் அந்த வெற்றுப் பட்டியலை "சாளரம்" என்ற பொது அட்டவணையிலேயே ஒருமுறை எழுதிவிடுவார். பிறகு "குணமாக்கு" சாளரத்தில் ஒரு பொத்தானைச் சேர்க்கிறார். அதே பொத்தான் "பொருள் சேகரிப்பு" சாளரத்திலும் வந்து நிற்கிறது! எழுதுவது மேலே ஏறாது என்றோமே, பிறகு எப்படி? இங்கே பட்டியல் மாற்றி எழுதப்படவில்லை. "உன் பட்டியலைக் கொடு" என்ற கேள்வி மேலே ஏறிப் பொதுப் பட்டியலைக் கொண்டுவந்தது. அந்தப் பட்டியலுக்குள்தான் பொத்தான் போடப்பட்டது. இரண்டு சாளரங்களும் ஒரே பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு சாளரமும் உருவாகும்போதே அதற்கென ஒரு புதிய வெற்றுப் பட்டியலைக் கொடுத்துவிடுவதே தீர்வு. நிறம், அகலம் போன்ற எளிய மதிப்புகள் மேலே இருக்கலாம். உள்ளே மாறக்கூடிய பட்டியல்கள் கீழே இருக்க வேண்டும்.

மீதி வேலைகள் எளியவை. பொத்தானின் இடத்தைத் திரையின் மூலையிலிருந்து அல்லாமல் சாளரத்தின் மூலையிலிருந்து அளந்து வைத்தால், சாளரம் நகரும்போது பொத்தான்களும் உடன் நகரும். வரைவது பின்னிருந்து முன்னே என்றால், அழுத்தியது யார்மீது என்று தேடுவது முன்னிருந்து பின்னே. முதலில் பொருந்துவது அழுத்தலை எடுத்துக்கொண்டு, மற்றவற்றுக்குப் போகவிடாமல் நிறுத்த வேண்டும். சாளரத்தை இழுக்கத் தொடங்கும்போது, சுட்டிக்கும் சாளர மூலைக்கும் இடையிலான தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தொட்டவுடன் சாளரத்தின் மூலை துள்ளிவந்து சுட்டியில் ஒட்டிக்கொள்ளும்.

சாளரத்தை மூடுவதில் மட்டும் சற்று நிதானம் தேவை. இனி யாரும் பயன்படுத்தாத அட்டவணையை லுவாவின் குப்பை அகற்றி தானாகவே துடைத்துவிடும். ஆனால் திரையில் வரைந்த செவ்வகம் பாட் மென்பொருளின் வசம் இருப்பதால், லுவாவுக்கு அதைப் பற்றித் தெரியாது. அட்டவணை போனபின்னும் செவ்வகம் திரையில் உரிமையாளர் இல்லாமல் நிற்கும். துடைக்கும் தருணத்தில் "இதையும் அழி" என்று சொல்லும் வசதி சாதாரண அட்டவணைகளுக்கு 2011இல் வந்த 5.2 பதிப்பில்தான் கிடைத்தது, 5.1 பதிப்பையே பின்பற்றும் சூழல்கள் இன்றும் ஏராளம். புதிய பதிப்பிலும் துடைப்பு எப்போது நடக்கும் என்பது லுவாவின் விருப்பம். ஆதலால் நூலகத்தில் "அழி" என்ற செயற்கூறு வெளிப்படையாகவே இருக்க வேண்டும்: முதலில் பிள்ளைகள் ஒவ்வொன்றையும் அழிக்கச் சொல்லி, பிறகு தன் செவ்வகங்களின் எண்களைப் பாட்டிடம் திருப்பிக் கொடுத்து, கடைசியாகப் பெற்றோரின் பட்டியலிலிருந்து தன் பெயரை நீக்கிக்கொள்ளும். அதையும் "உறுப்பு" என்ற உச்சி அட்டவணையில் ஒரே ஒருமுறை எழுதினால் போதும்.