வேலூர் கோடைமழையை ஏன் காலையிலேயே சொல்ல முடிவதில்லை?

வேலூருக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் வெயிலுக்குத் தயாராகத்தான் வருவார்கள். ஊரில் இருக்கும் அத்தனை பேரும் அதைச் சொல்லிப் பயமுறுத்தித்தான் அனுப்பியிருப்பார்கள். வந்தபிறகு அவர்களைக் குழப்புவது மழை. மாலை ஐந்து மணிக்குச் சத்துவாச்சாரியில் தெருவில் தண்ணீர் ஓடும். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் காட்பாடிக்குப் போனால் தூசி பறக்கும். காலையில் கைப்பேசியில் பார்த்தபோது ‘மழை வாய்ப்பு 40 சதவீதம்’ என்று இருந்திருக்கும். அது சத்துவாச்சாரிக்குச் சொன்னதா, காட்பாடிக்குச் சொன்னதா?

நான் நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவன். எங்கள் ஊரில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும், இரண்டு நாள் முன்பே செய்தி வந்துவிடும், பெய்தால் மாவட்டம் முழுக்கப் பெய்யும். வேலூரில் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவ மாதங்களிலேயே கிடைத்துவிடுகிறது. பல ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழையைவிட இதுவே அதிகம். ஆனால் கேரளத்தில் பெய்வதுபோலக் கடலிலிருந்து நேராக வந்து கொட்டும் மழை இல்லை இது. சித்திரையில் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை இங்கே பெய்வதில் பெரும்பாலானது அன்றைய வெயிலில் மதியத்துக்கு மேல் உருவாகி, ராத்திரிக்குள் கரைந்து போகும் இடிமழை. செய்திகளில் ‘வெப்பச்சலனம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்த வார்த்தைக்குள் நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டால், இந்த ஊரில் துணி காயப்போடுவதுகூட வேறு மாதிரி ஆகிவிடும்.

முதலில் தரை. சூரிய ஒளி காற்றை நேரடியாக அதிகம் சூடாக்குவதில்லை. தரையைச் சூடாக்குகிறது, தரை தன்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. வேலூரைப் பற்றிய பழைய சொலவடையில் ‘மரமில்லா மலை, நீரில்லா ஆறு’ என்று இரண்டு வரும். இந்த இரண்டுமே நல்ல அடுப்புகள். மரம் இருந்தால் வெயிலின் ஒரு பங்கு இலைவழியாக நீரை ஆவியாக்குவதில் செலவாகும். மொட்டைப் பாறைக்கு அந்த வழி கிடையாது. வாங்கிய வெப்பத்தைச் சேர்த்துவைத்து ராத்திரி பத்து மணிவரை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். பாலாற்று மணல் வேறு விதம். காய்ந்த மணலுக்குள் வெப்பம் ஆழமாக இறங்காது, அதனால் மேற்பரப்பு மட்டும் சீக்கிரமே காலை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டுவிடும்.

சூடான காற்று லேசாகி மேலே போகிறது. மேலே போகப்போக அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி. ஒரு கட்டத்தில் அதிலிருக்கும் நீராவி துளிகளாக மாறும். அந்த உயரம்தான் மேகத்தின் அடிப்பகுதி. இதற்கு எளிய கணக்கு உண்டு. காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும், அதாவது நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கும், உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால் மேக அடிப்பகுதியின் உயரம் மீட்டரில் கிடைக்கும். மே மாத மதியம் 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பனிநிலை சுமார் 19 டிகிரி. மேகம் 2,600 மீட்டரில் தொடங்கும். ஆகஸ்டில் 34 டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதம் என்றால் 1,300 மீட்டரிலேயே தொடங்கிவிடும்.

இந்த வித்தியாசம் நம் மாடியில் தெரியும். மே மாதத்தில் மேகத்திலிருந்து விழும் சின்னத் துளி தரைக்கு வர, வறண்ட காற்றினூடே பத்து நிமிடம் போலப் பயணப்பட வேண்டும். பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். தூரத்தில் மேகத்தின் அடியில் சாம்பல் நிறத் திரை தொங்கும், அதன் கீழ்நுனி தரையைத் தொடாது. அப்படி ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் தன்னைச் சுற்றியிருக்கும் ஒரு கிலோ காற்றை ஏறத்தாழ 2.5 டிகிரி குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனம். அது தரையை நோக்கி விழுந்து நாலாபக்கமும் சிதறி ஓடுகிறது. கத்திரி வெயில் நாளில் திடீரென்று சூறைக்காற்று அடித்து, மண்ணை வாரி இறைத்து, மாமரத்துக் காய்களை உதிர்த்துவிட்டு, நாலு தூறலோடு போய்விடுகிறதே, அது பெய்யாமல் போன மழை அல்ல. மேலே பெய்த மழைதான். நம்மிடம் காற்றாக வந்து சேர்ந்திருக்கிறது. ஆடி, ஆவணியில் மேகம் தாழ்வாக இருப்பதால் அதே மழை நீராகவே வந்துவிடுகிறது.

சரி, தினமும்தான் வெயில் அடிக்கிறது, தினமும் ஏன் பெய்வதில்லை? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

மேலேறும் காற்று தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும்வரைதான் ஏறும். வேலூருக்கு மேற்கே கர்நாடக மேட்டுநிலம். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வேலூர் 200 மீட்டரை ஒட்டித்தான். மேட்டுநிலத்தின் தரையில் சூடான வறண்ட காற்று, மேற்குக் காற்றோடு அதே உயரத்தில் நகர்ந்து நம் தலைக்கு மேலே வந்து படுத்துக்கொள்கிறது. கீழிருந்து ஏறும் காற்று அந்தச் சூடான அடுக்கை முட்டி நின்றுவிடும். பானைக்கு மூடி போட்டதுபோல. மூடி இருக்கிறவரை கீழே வெப்பமும் ஈரமும் சேர்ந்துகொண்டே போகும். ‘காத்தே இல்ல, ஒரே இறுக்கமா இருக்கு’ என்று சொல்கிறோமே, அந்த மதியங்கள் பலவற்றில் நாம் மூடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறோம்.

மூடி லேசாக இருந்தால் முற்பகலிலேயே உடைந்து, பஞ்சு மேகங்கள் அங்கங்கே தோன்றி, சக்தி சில்லறையாகச் செலவாகிவிடும். மிகவும் பலமாக இருந்தால் அன்றைக்கு நீல வானமும் புழுக்கமும்தான் மிச்சம். இரண்டுக்கும் நடுவில் இருந்து, நாலு மணிக்கு ஏதாவது ஒரு இடத்தில் உடைந்தால், சேர்ந்திருந்த அத்தனையும் அந்த ஓட்டை வழியாகச் சீறிக்கொண்டு மேலே போகும். ஏறும் வழியில் நீராவி துளியாக மாறும்போது வெப்பத்தை வெளியிடும். அது காற்றை இன்னும் மேலே தள்ளும். மேகம் 12 கிலோமீட்டரையும் தாண்டி வளரும். சுமார் 5 கிலோமீட்டருக்கு மேல் உறைநிலை என்பதால் ஆலங்கட்டி உருவாவதும் அங்கேதான்.

மூடியை உடைப்பது பெரும்பாலும் மலை. ஜவ்வாது மலையின் ஆயிரம் மீட்டர் உயரச் சரிவில் வெயில் படும்போது, அதையொட்டிய காற்று, சமவெளிக்கு மேலே அதே உயரத்தில் இருக்கும் காற்றைவிடச் சூடாகிவிடுகிறது. மலையடிவாரத்துக் காற்றும் சரிவு வழியாக மேலேறி உச்சியில் வந்து மோதுகிறது. அதனால் பிற்பகலில் முதல் கருமேகம் ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கமோ, சித்தூர் மலைகள் பக்கமோ எழும்புவதைப் பார்க்கலாம். மேல்காற்று, அதாவது உயரத்தில் வீசும் காற்று, இந்த மாதங்களில் மேற்கிலிருந்து வீசுவதால் அந்த மேகங்கள் கிழக்கே நகரும். வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் என்று கடந்து சில நாட்களில் ராத்திரி சென்னைக்கே போய்ச் சேரும். எதிர்த்திசையில், வங்கக் கடலிலிருந்து மதியம் புறப்படும் கடற்காற்று ஈரத்தோடு உள்நாட்டுக்குள் நகர்ந்துகொண்டிருக்கும். இரண்டும் சந்திக்கும் கோட்டில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழி இல்லை.

நான் குடியிருக்கும் வீட்டுக்காரப் பாட்டி மாடியில் வற்றல் காயவைப்பார். ஒருநாள் வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே எல்லாவற்றையும் வாரிக்கொண்டிருந்தார். “இப்பவே ஏன் பாட்டி எடுக்கறீங்க?” என்று கேட்டேன். “மலைப்பக்கம் பாருப்பா. மேகம் கட்டிக்கினு இருக்குது. காத்து வேற நின்னுபோச்சி. இது சும்மா போவாது” என்றார். குடியாத்தம் பக்கம் செங்கல் அறுக்கிறவர்களும் இப்படித்தான். காயாத பச்சைக் கல்லில் ஒரு மழை அடித்தால் அன்றைய கூலி மண்ணாகக் கரைந்துவிடும். வரிசையாக அடுக்கிய கல்லுக்குப் பக்கத்திலேயே தார்ப்பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மேற்கே ஒரு கண் வைத்துக்கொண்டே வேலை செய்வார்கள். மேல்காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது அந்தக் கண்ணுக்குப் பழகியிருக்கிறது.

ஒரு இடிமேகத்தின் ஆயுள் எவ்வளவு என்பதை முதலில் ஒழுங்காக அளந்தது, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு 1946, 1947-இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும் ஒஹாயோவிலும் நடந்த ஆய்வு. போர் விமானங்களை வேண்டுமென்றே இடிமேகங்களுக்குள் ஓட்டினார்கள். அதில் தெரியவந்தது: ஒவ்வொரு மேகக்கூறும் வளர்ந்து, கொட்டி, அழிய ஒரு மணி நேரம் போலத்தான் எடுக்கிறது. மழையோடு இறங்கும் குளிர்காற்று, மேகத்துக்குத் தீனி போடும் சூடான மேல்நோக்கிய காற்றை அடியிலேயே அறுத்துவிடுகிறது. பெய்வதே அதன் முடிவு. ஆனால் அதே குளிர்காற்று தரையோடு பரவி, பத்திருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சூடான காற்றை நெம்பித் தூக்கி, அடுத்த மேகத்தைக் கிளப்பிவிடும். மழைக்கு முன்னால் நம்மைத் தொடும் சில்லென்ற காற்றும் மண்வாசனையும் வேறெங்கோ பெய்த மழையிலிருந்து வந்தவை. சில நாள் அந்தக் காற்று மட்டும் வந்து, மழை வராமல் போவதும் இதனால்தான்.

இப்போது காலை முன்னறிவிப்பின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மூடி எவ்வளவு பலம் என்பதை அளக்கச் சென்னை மீனம்பாக்கத்தில் விடிகாலையில் பலூன் விடுகிறார்கள். அது கடலோரக் காற்று. நாம் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே தள்ளி இருக்கிறோம். மதியம் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் மூடி உடையும், குறைந்தால் உடையாது என்கிற நாட்கள் நிறைய. 2025 மே மாதத்தில் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பு பூமியை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனாலும் சத்துவாச்சாரியும் காட்பாடியும் கிட்டத்தட்ட அடுத்தடுத்த கட்டங்கள்தான். 40 சதவீதம் என்றால், இதே மாதிரியான பத்து நாட்களில் நான்கு நாள் உங்கள் இடத்தில் மழை விழும் என்று பொருள். அதற்கு மேல் காலையில் சொல்ல யாராலும் முடியாது. சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

பிற்பகலில் கதை மாறுகிறது. மேகம் பிறந்துவிட்டால் ரேடாரில் தெரியும். வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில் சென்னை ரேடார் படத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மேற்கே இருக்கும் சிவப்புத் திட்டு அரை மணி நேரத்தில் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் எப்போது இங்கே வரும் என்று ஒரு மாதிரி சொல்லிவிடலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ரேடார் கற்றை லேசாக மேல்நோக்கிப் போகிறது, பூமியோ கீழ்நோக்கி வளைகிறது. சென்னையில் அரை டிகிரி சாய்வில் புறப்படும் கற்றை வேலூருக்கு வரும்போது தரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். ரேடாரில் மழை தெரிந்தும் மே மாதத்தில் தரை நனையாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அது பார்த்தது ஆவியாவதற்கு முந்தைய மழையை. வானிலை மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கென வெளியிடும் மாவட்ட எச்சரிக்கைகள் காலை அறிவிப்பைவிடப் பல மடங்கு நம்பகமானவை.

ஐப்பசிக்கு அப்புறம் இந்தக் கணக்கு முழுக்க மாறிவிடும். அப்போது மழை கடலிலிருந்து வருகிறது, நாள்கணக்கில் முன்பே சொல்ல முடிகிறது, பெய்தால் பரவலாகப் பெய்கிறது. 2021 நவம்பர் 19-ஆம் தேதி சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தாழ்வு மண்டலம் உள்ளே வந்தபோது, பாலாறு கரைபுரண்டது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை ஏறி வலுவிழந்த பிறகுதான் ஜவ்வாது மலைக்கு அந்தப்பக்கம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. புயல் கடலோரத்தைக் கடந்துவிட்டது என்ற செய்தி வேலூர்க்காரர்களுக்கு நிம்மதி தரும் செய்தி ஆகாது. நமக்கு அப்போதுதான் ஆரம்பம்.

கோடை இடிமழையில் உயிருக்கு ஆபத்து மின்னலால். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்த மின்னல் உங்கள் தெருவிலேயே விழலாம். தலைக்கு மேலே மேகம் இல்லை என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. மொட்டை மாடி, ஏரிக்கரை, தனி மரத்தடி மூன்றும் அப்போது கூடாது. கான்கிரீட் வீட்டுக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ இருக்கலாம். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி அருகில் மின்னல் விழுந்தால் எச்சரிக்கும். இந்த ஊருக்கு வருகிறவர்கள் முதல் வாரமே அதை இறக்கிக்கொள்வது நல்லது. மழை விட்டதும் துணி எடுக்க மாடிக்கு ஓடாதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போகட்டும்.