முதல் மாதம் லேப்டாப் வேண்டாம்

சென்னையிலிருந்து வந்த ஓர் இளம் நிறுவனர் தன் செயலியை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கானது, தமிழிலும் இருந்தது. "இங்க நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்களே மேடம், அதான் முதல்ல மலேசியா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைச் செந்தூலில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுக்கு அழைத்துப் போனேன். பெரியம்மாவுக்குப் பல வருடமாக இனிப்புநீர். செயலியின் காலை உணவுப் பட்டியலில் இட்லி, தோசை, பொங்கல், தயிர் சாதம் எல்லாம் இருந்தன. அன்று அவர் சாப்பிட்டிருந்தது நாசி லெமாக். பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தவர், "இதுவும் சோறுதானே தம்பி" என்று தயிர் சாதத்தைத் தொட்டார். தேங்காய்ப்பாலில் வெந்து, சம்பலும் பொரித்த நெத்திலியும் சேர்ந்த சோறு, தயிர் சாதமாகப் பதிவானது. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரே என்ற தேநீர், ஃபில்டர் காபி ஆனது. தம்பி ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் ரெசிடென்சி திட்டத்தில், அதாவது நிறுவனர்கள் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்து தொழிலை வளர்க்கும் திட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வரும் மருத்துவ ஸ்டார்ட்அப் நிறுவனர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். அதற்கு முன் மருந்தாளராக இருந்தேன், பிறகு மருத்துவச் சாதனங்களைப் பதிவு செய்யும் வேலை. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது விசா, அலுவலகம், முதலீட்டாளர் தொடர்பு. மூன்றும் தேவைதான். ஆனால் பல்கலைக்கழகம் மட்டுமே கொடுக்கக்கூடிய ஒன்றை அவர்கள் கேட்பதே இல்லை: நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு.

விசாவை முதலில் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் வெளிநாட்டு நிறுவனர்களுக்கான இத்தகைய ரெசிடென்சி திட்டங்கள் பிறந்ததே விசாவுக்காகத்தான். அங்கே வெளிநாட்டு நிபுணர்களுக்கான எச்-1பி வேலை விசா வருடத்துக்கு 85,000 என்று வரம்பு உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு அந்த வரம்பு இல்லை. நிறுவனர் பகுதி நேரம் பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே தன் நிறுவனத்தை வளர்க்கலாம் என்ற வழியை மாசசூசெட்ஸ் மாநிலம் 2014-இல் தொடங்கியது. நம் நாட்டில் கதவு வேறு. தொழில்நுட்ப நிறுவனர்களுக்கான எம்டெப் திட்டத்தில், புதியவர்களுக்கு 1 ஆண்டு, அனுபவமுள்ளவர்களுக்கு 5 ஆண்டு பாஸ், அதாவது தங்கும் அனுமதி, கிடைக்க வழி இருக்கிறது. சுற்றுலா பாஸில் வந்து வேலையைத் தொடங்கிவிடலாம் என்று மட்டும் யாரும் நினைக்காதீர்கள்.

சாதனம் தயாரிக்கிற கூட்டாளி தேவையென்றால் பினாங்குக்குப் போகலாம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இலிருந்து இயங்குகிறது. மின்னணுவும் மருத்துவச் சாதனமும் பக்கத்துப் பக்கத்திலேயே தயாராகின்றன. ஆனால் எதைத் தயாரிப்பது என்பது தொழிற்சாலையில் தெரியாது.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு, நோய் இருப்பதே தெரியாது. இன வாரியாகப் பார்த்தால் மலேசிய இந்தியர்களிடம்தான் விகிதம் அதிகம். வெளிநாட்டு நிறுவனர்கள் இதைச் சந்தை என்று பார்க்கிறார்கள். அதே ஆட்கள் அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி டாக்டரைப் பார்த்து, மருந்தும் வாங்கிப் போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. மாதம் 40 வெள்ளி சந்தா கேட்கும் செயலி அந்த 1 வெள்ளியோடு போட்டி போட வேண்டும். யார் காசு கொடுப்பார்கள் என்பதை கிளினிக்கின் காத்திருப்பு வரிசையில் ஒரு காலை உட்கார்ந்தாலே புரிந்துகொள்ளலாம்.

அப்புறம் சட்டம். மருத்துவச் சாதனச் சட்டம் 2012, அதாவது சட்டம் 737, பதிவு செய்யாத சாதனத்தைச் சந்தைக்குக் கொண்டுவர அனுமதிப்பதில்லை. மீறினால் 2 லட்சம் வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆபத்தைப் பொறுத்து ஏ முதல் டி வரை நான்கு வகுப்பு. மென்பொருளும் இதில் அடங்கலாம். உங்கள் பொருள் எதற்கு என்று நீங்களே எழுதும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் பாதி முடிவாகிறது. 'நடக்க நினைவூட்டும்' என்றால் ஒன்று, 'இன்சுலின் அளவைக் கணக்கிடும்' என்றால் முற்றிலும் வேறு. விளம்பரம் எழுதுகிறவர் ஆர்வத்தில் ஒரு வரியைக் கூட்டிவிட்டால், நீங்கள் வேறு வகுப்புக்குப் போய்விடுவீர்கள். வெளிநாட்டில் தயாரிக்கிறவர் என்றால், இங்கே ஓர் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதியை நியமிக்கவும் வேண்டும். பதிவு பெரும்பாலும் அவர் கையில் இருக்கும் என்பதால், ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

என்னை இன்னும் வருத்தும் ஒரு விஷயம் உண்டு. சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு பெண், இனிப்புநீரால் வரும் கால் புண்களைப் படம் எடுத்து ஆராயும் கருவி செய்தார். திறமைசாலி. ஒரு தனியார் கிளினிக்கில் தெரிந்த டாக்டரின் சம்மதத்தோடு நான்கு மாதம் படங்கள் சேர்த்தார். ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லை; நோயாளிகள் எழுத்தில் ஒப்புதல் தரவில்லை. எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே பணம் தீர்ந்து ஊர் திரும்பினார். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பல்கலைக்கழக மருத்துவமனை என்றால் அதன் நெறிமுறைக் குழு. சுகாதார அமைச்சின் மருத்துவமனை, கிளினிக் என்றால் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிந்து அமைச்சின் குழுவிடம் அனுமதி. இதை இப்போது வந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் மாதம் லேப்டாப்பைத் திறக்க வேண்டாம் என்றும் சொல்கிறேன். மருத்துவமனையின் அனுமதியோடு, ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மருந்து கொடுக்கும் கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். கருவியை யோசிக்கும் முன் தேவையைத் தேடச் சொல்லும் இந்த முறையை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பயோடிசைன் திட்டம் இருபது வருடத்துக்கும் மேலாகக் கற்றுக்கொடுக்கிறது.

சென்னைத் தம்பியும் அப்படி நின்றார். மூன்றாவது வாரம் என்னிடம் வந்தவர் உணவுப் பட்டியலைப் பற்றிப் பேசவே இல்லை. "மேடம், எல்லாரும் ஒரு பிளாஸ்டிக் பை கொண்டுவர்றாங்க" என்றார். அரசாங்க கிளினிக் மருந்தும் தனியார் டாக்டர் கொடுத்ததும் ஒரே பையில் கிடக்கின்றன. இனிப்புநீருக்கான ஒரே மெட்ஃபார்மின் மாத்திரை இரண்டு பெயரில், இரண்டு நிறப் பெட்டியில். சிலர் இரண்டையும் சாப்பிடுகிறார்கள். மருந்தாளராக நான் பல வருடம் பார்த்த பைதான். எங்கள் கவுண்டரில் அதைப் பிரித்துச் சொல்ல எப்போதும் நேரம் போதவில்லை. பெரியம்மாவின் பையைக் கொட்டிப் பார்த்தோம், அதிலும் அப்படித்தான்.

அவர் பழைய செயலியை நிறுத்திவிட்டார். இப்போது அந்தப் பையைப் பிரித்துச் சொல்ல மருந்தாளருக்கு உதவும் ஒன்றை யோசிக்கிறார். அதற்கான ஆய்வு விண்ணப்பம் நெறிமுறைக் குழுவின் முன் இருக்கிறது. அனுமதி வரும்வரை ஒரு பையைக்கூடப் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றார்.