பூர்வீக ட்ரவுட், ஆற்றில் பிறந்த ட்ரவுட், விட்ட ட்ரவுட்

ட்ரவுட் மீனைத் தூண்டிலில் பிடிப்பவர்களின் பேச்சிலும் அம்மீனைக் காக்கும் அரசுத் துறைகளின் அறிக்கைகளிலும் நேட்டிவ், வைல்டு, ஸ்டாக்டு என்ற மூன்று அடைமொழிகள் ஓயாமல் வருகின்றன. இவற்றை நாட்டு ட்ரவுட், காட்டு ட்ரவுட், வளர்ப்பு ட்ரவுட் என்று தமிழாக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். கேட்பதற்கு இனிமையாகவும் இருக்கிறது. ஆனால் மூன்றுமே பொருளைத் திசை திருப்பிவிடும்.

ட்ரவுட் என்ற பெயர் கிரேக்கத்தில் 'கொறிப்பது' என்ற பொருளுடைய 'த்ரோக்தேஸ்' என்ற சொல்லில் தொடங்கி, பிற்கால லத்தீனில் 'த்ருக்தா' ஆகி, பழைய ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த இம்மீன் தமிழ் வழங்கும் நிலத்தின் ஆறுகளில் இயல்பாக இருந்ததில்லை என்பதால் அதற்குத் தமிழ்ப் பெயரும் இல்லை. புதிதாக ஒன்றைப் புனைவதைவிட ட்ரவுட் என்றே எழுதுவது நல்லது. ட்ரவுட்டைப் பிடிக்கச் செயற்கை 'ஈ' கட்டிய தூண்டிலைப் பயன்படுத்துவதுண்டு. அந்த 'ஈ' வீட்டில் பறக்கும் ஈ அன்று; நீரிலிருந்து வெளிப்படும் சிறு பூச்சிகளைப் போலத் தோன்றும்படி இறகும் நூலும் கொண்டு கொக்கியில் கட்டப்படுவது. கி.பி. 200 வாக்கில் எழுதிய ஏலியன் என்ற ரோமானியரே, மாசிடோனியாவில் சிவப்புக் கம்பளி நூலும் இறகும் சுற்றிய கொக்கியால் புள்ளி மீன்களைப் பிடித்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

'நேட்டிவ்' என்பதன் வேர் பிறப்பைக் குறிக்கும் லத்தீன் சொல். ஆயினும் மீனியலில் அது ஒரு தனி மீனின் பிறப்பைப் பற்றியது அன்று, ஓர் இனம் மனிதர் கைப்படாமல் எந்த ஆற்றில் இருந்து வந்திருக்கிறது என்பதைப் பற்றியது. ப்ரூக் ட்ரவுட் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு உரியது (கறாராகச் சொன்னால் அது ட்ரவுட்டே அன்று, சார் என்ற உறவுக்கிளையைச் சேர்ந்தது). வானவில் ட்ரவுட் பசிபிக் கடலின் இரு கரைகளிலும் சேரும் ஆறுகளுக்கு உரியது. பழுப்பு ட்ரவுட் ஐரோப்பாவுக்கும் மேற்கு ஆசியாவுக்கும் உரியது. 1883இல் ஜெர்மனியிலிருந்து அதன் முட்டைகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, மறு ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் பெரி மார்க்கெட் ஆற்றில் குஞ்சுகள் விடப்பட்டன. இன்று அமெரிக்கத் தூண்டிற்காரர்கள் பெரிதும் மதிக்கும் இந்த மீன் அங்கே குடியேறியதுதான்.

இதற்கு 'நாட்டு' என்ற அடைமொழி ஏன் பொருந்தாது? நாட்டுக்கோழி, நாட்டுமாடு என்னும்போது நாம் நினைப்பது வீட்டில் வளர்க்கும் உள்ளூர் இனத்தை. அதைவிடப் பெரிய இடர், நாடு என்ற எல்லையே இங்கு செல்லாது என்பதுதான். வானவில் ட்ரவுட் அமெரிக்க மீன்தான்; ஆனால் அதே அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலையில் அது அயல் இனம். மரம் வெட்ட வந்த நிறுவனங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை அங்கே கொண்டுவந்து விட்டன. அம்மலைக்கு உரிய ஒரே ட்ரவுட்டான ப்ரூக் ட்ரவுட் மேல் ஓடைகளுக்குள் ஒடுங்கியது. எல்லை நாட்டைப் பொறுத்ததன்று, ஆற்று வடிநிலத்தைப் பொறுத்தது. ஆகவே 'பூர்வீக ட்ரவுட்' என்பதே என் தேர்வு. "உங்களுக்குப் பூர்வீகம் எது?" என்று கேட்டால் நாம் ஊர்ப் பெயரைத்தான் விடையாகச் சொல்கிறோம், இச்சொல்லும் அப்படி ஓர் ஆற்றின் பெயரைக் கேட்டு நிற்கும். ஆற்றின் பெயர் சொல்லாமல் ஒரு மீனைப் பூர்வீக மீன் என்பதில் பொருளில்லை.

'வைல்டு' என்பது அடங்காதது, வளர்க்கப்படாதது என்ற பொருளில் மிகப் பழைய சொல். ட்ரவுட்டைப் பொறுத்தவரை அதன் பொருள் குறுகிக் கூர்மையாகிவிட்டது: அந்த மீன் ஆற்றிலேயே இடப்பட்ட முட்டையிலிருந்து பொரித்தது, அவ்வளவுதான். பெண் ட்ரவுட் பக்கவாட்டில் சாய்ந்து, வாலை அடித்து அடித்துச் சரளைக்கற்களிடையே குழி பறிக்கிறது; அதில் முட்டையிட்டு, ஆண் மீன் அதைக் கருவுறச் செய்ததும், நீரோட்டம் வரும் பக்கத்தில் சற்று மேலேயிருந்து கற்களைக் கிளப்பி மூடுகிறது. கற்களின் இடைவெளியில் குளிர்ந்த நீர் ஊடுருவிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டல் படிந்து அடைத்தால் முட்டைகள் மூச்சுத் திணறிச் சாகும். இப்படிப் பிறந்த மீனின் தாய் பொரிப்பகத்திலிருந்து வந்ததாக இருந்தாலும் குஞ்சு 'வைல்டு'தான். ஒரு தலைமுறை போதும். காட்டுப்பன்றி, காட்டுக்கோழி என்பவை வீட்டு விலங்கிலிருந்து வேறான வகைகள் என்பதாலும், இந்த மீன் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் மேய்ச்சல் நிலங்களின் நடுவே ஓடும் சுண்ணாம்புப் பாறை ஆறுகளிலும் பிறக்கிறது என்பதாலும், 'காட்டு' என்பது ஒட்டாது. 'ஆற்றில் பிறந்த ட்ரவுட்' என்பது சற்று நீளம்தான். ஆனால் பிழைக்கு இடம் தராது.

இச்சொல்லுக்கு இன்றுள்ள கௌரவம் வந்ததில் மொன்டானா மாநிலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. டிக் வின்சென்ட் என்ற அரசு மீனியலாளர் மாடிசன் ஆற்றில் மீன் எண்ணிக்கையைக் கணக்கிட்டு வந்தபோது, பொரிப்பக மீன்கள் விடப்படும் பகுதியில் ஆற்று மீன்கள் குறைவாக இருப்பதைக் கண்டார். விடுவதை நிறுத்திய பகுதியில் ஆற்று மீன்கள் பெருகின. புதிதாக விடத் தொடங்கிய ஓடெல் ஓடையில் குறைந்தன. மீன் விட்டால் மீன் பெருகும் என்ற நம்பிக்கையை இது கவிழ்த்தது. கடும் எதிர்ப்புக்கிடையே, ட்ரவுட் தானாகவே பெருகும் ஆறுகளில் மீன் விடுவதை 1974இல் மொன்டானா கைவிட்டது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாடிசன் ஆற்றில் இப்படிக் காக்கப்பட்ட வானவில் ட்ரவுட்டும் பழுப்பு ட்ரவுட்டும் அந்த ஆற்றுக்குப் பூர்வீகமானவை அல்ல.

'ஸ்டாக்' என்ற சொல்லின் பழம்பொருள் மரத்தின் அடிக்கட்டை. அதிலிருந்து முதல், சேமிப்பு, கையிருப்பு என்று பொருள் விரிந்தது. தமிழக மீன்வளத் துறையின் அறிக்கைகளில் இதை 'மீன்குஞ்சுகள் இருப்பு செய்தல்' என்பார்கள். மக்கள் வழக்கு அதைவிட எளிது: ஏரியில் மீன் விட்டிருக்கிறார்கள். 'வளர்ப்பு மீன்' என்று சந்தையில் சொல்வது பண்ணையிலிருந்து நேரே தட்டுக்கு வரும் மீனை. பண்ணையை விட்டு ஆற்றுக்குப் போய்விட்ட மீனை 'விட்ட ட்ரவுட்' என்பதே சரி. சில இடங்களில் அது சில வாரங்களுக்குள் பிடிபடுவதற்காகவே விடப்படுகிறது. சில இடங்களில், ஆற்று மீன்களோடு இனம் கலக்காதிருக்க, முட்டைக்கு வெப்பமோ அழுத்தமோ கொடுத்து மலடாக்கிய மீனை விடுகிறார்கள்.

கையில் எடுத்தால் வேறுபாடு பெரும்பாலும் துடுப்பில் தெரியும். நெருக்கமான சிமெண்டுத் தொட்டியில் உரசியும் ஒன்றையொன்று கடித்தும் வளர்ந்த மீனின் முதுகுத் துடுப்பு தேய்ந்து கட்டையாக இருக்கும், மார்புத் துடுப்பின் கதிர்கள் வளைந்து ஒட்டியிருக்கும். ஆற்றில் பிறந்ததன் துடுப்பு விசிறிபோல் விளிம்பு வரை தெளிவாக விரியும். குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைத்த விட்ட மீன் நிறத்தையும் துடுப்பையும் ஓரளவு மீட்டுக்கொள்ளும் என்பதால் இச்சோதனையை முழுதாக நம்பிவிடக் கூடாது. நடத்தையும் வேறு. தீவனக் குருணைக்குப் பழகிய மீன் நீரில் விழும் எதையும் எட்டிப் பார்க்கும். அதற்கென்றே குருணை வடிவில் பழுப்பு 'ஈ' கட்டுவோரும் உண்டு, அதைக் கேவலம் என்று முகம் சுளிப்போரும் உண்டு.

ஆகவே இவை மூன்று படித்தரங்கள் அல்ல. பூர்வீகமா அயலா என்பது இனத்தைப் பற்றிய கேள்வி. ஆற்றில் பிறந்ததா விட்டதா என்பது தனி மீனைப் பற்றிய கேள்வி. நீலகிரியில் அவலாஞ்சிப் பொரிப்பகத்திலிருந்து ஓடைகளுக்குப் போகும் வானவில் ட்ரவுட் அயல் இனம், விட்ட மீன். இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் தானே பெருகிவரும் அதே இனம் அயல்தான், ஆனால் ஆற்றில் பிறந்தது.

இரண்டு கேள்விகளையும் ஒருசேரச் சிக்கலாக்கியது கொலராடோவின் மாநில மீனான கிரீன்பேக் கட்த்ரோட் என்ற ட்ரவுட். அற்றுப்போனதாகக் கருதப்பட்டு, பின் சில ஓடைகளில் கண்டுபிடிக்கப்பட்டு, பல்லாண்டுகள் பெருக்கப்பட்ட இம்மீன்களில் பல வேறு மரபைச் சேர்ந்தவை என்று 2012இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அசல் கிரீன்பேக் எஞ்சியிருந்தது பேர் கிரீக் என்ற ஒரே ஓடையில். அதுவும் அதன் பூர்வீகமான தெற்கு பிளாட் வடிநிலத்துக்கு வெளியே, 19ஆம் நூற்றாண்டில் யாரோ கொண்டுபோய் விட்டதன் வழித்தோன்றலாக. அவ்வோடையின் மீன்களிலிருந்து பொரிப்பகத்தில் பெருக்கிய குஞ்சுகளைப் பூர்வீக வடிநிலத்திலுள்ள ஹெர்மன் கல்ச் ஓடையில் ஆண்டுதோறும் விட்டார்கள். 2022இல் அவை அங்கே தாமாகவே இனம் பெருக்குவதாகக் கொலராடோ அறிவித்தது. அந்த ஓடையில் பெற்றோர் பூர்வீக இனத்தின் விட்ட மீன்கள். பிள்ளைகள் பூர்வீக இனத்தின் ஆற்றில் பிறந்த மீன்கள்.