ஆட்டின் காம்பு கிழிந்தால் அன்றைக்கே கொண்டுவாருங்கள்

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டுக்கும் கேரட்டுக்கும் காவலாகப் போட்ட முள்கம்பி வேலியைத் தாண்டும் வெள்ளாட்டுக்கு, அதிலும் குட்டி ஈன்று சில வாரங்களே ஆகி மடி கனத்துத் தொங்கும் ஆட்டுக்கு, பெரும்பாலும் காம்பில்தான் அடிபடுகிறது.

மன்னவனூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, கால்நடை மருத்துவரான என்னிடம் அப்படியொரு ஆட்டைக் கொண்டுவந்தபோது காயத்துக்கு மூன்று நாள் ஆகியிருந்தது. காய்ந்த மஞ்சள் பற்றை நனைத்து எடுத்தபோது, காம்புத்துளைக்குள் செருகியிருந்த வேப்பங்குச்சியின் நுனி தெரிந்தது. “பால் வர்ற வழி அடைச்சிரக் கூடாதுன்னுதான் தம்பி வச்சேன்” என்றார். அவருடைய அக்கறையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் குச்சியை உருவியதும் பால் வரவில்லை, திரிந்த தயிர் போலச் சீழ்தான் வந்தது. கிருமி மேலேறாமல் காக்கும் காம்புத்துளையின் உட்பூச்சைக் குச்சி சுரண்டிவிடுவதோடு, தானே கிருமியையும் மடிக்குள் கொண்டுசேர்த்துவிடுகிறது. பசுவுக்கு நான்கு காம்புகள் உண்டு, ஆட்டுக்கு இரண்டே என்பதால், அந்த ஆட்டின் பாதி மடி அத்தோடு போயிற்று. இரட்டைக் குட்டிகளில் ஒன்றைப் புட்டிப்பாலில்தான் வளர்க்க வேண்டியிருந்தது.

கிழிந்த சில மணி நேரத்துக்குள், அதாவது ஓரங்கள் வீங்கிக் கறுக்கும் முன்பே வந்தால், உட்சவ்வு, நடுத்தசை, தோல் என்று அடுக்கடுக்காகத் தைத்துக் காம்பைக் காப்பாற்றிவிட முடிகிறது. வெளித்தோலை மட்டும் தைத்தால் பாலின் அழுத்தம் தையலைப் பிரித்துவிடும், பிறகு அந்த ஓட்டை வழியே பால் ஒழுகிக்கொண்டே இருக்கும். அப்படி ஆறிப்போன பழைய ஓட்டையைப் பால் வற்றிய பிறகு சரிசெய்வதே நல்லது.

மரத்துப்போகும் ஊசியிலும் கவனம் தேவை. அதிலுள்ள லிக்னோகெயின் என்ற மருந்து வெள்ளாட்டுக்கு எளிதில் நஞ்சாகும். 20 கிலோ ஆட்டுக்கு 2 சதவீத மருந்தில் 5 மி.லி.க்கு மேல் போகாமல், நீர்த்துப் பயன்படுத்துகிறேன். ஆகவே வீட்டிலேயே யாரையாவது ஊசி போட்டுத் தைக்கச் சொல்லாதீர்கள். கொதித்து ஆறிய உப்புநீரால் காயத்தைக் கழுவி, சுத்தமான துணியால் சுற்றி, குட்டியைப் பிரித்து, உடனே புறப்படுங்கள்.

காயம் ஏதும் வெளியே தெரியாமலே மடி அழுகுவதும் உண்டு. முதலில் ஆடு அந்தப் பக்கத்துப் பின்னங்காலை நொண்டும், தீனி எடுக்காது, குட்டி பசியில் கத்தும். அடுத்து மடி நீலம்பாரித்து, தொட்டால் சில்லென்று இருக்கும், பாலுக்குப் பதில் சிவந்த நீர் வரும். பாரத் மெரினோ போன்ற கம்பளி ஆடுகளில் மயிர் மறைத்துக்கொள்வதால் இது இன்னும் தாமதமாகத்தான் கண்ணில் படுகிறது. குட்டி ஈன்ற ஆட்டின் மடியைத் தினமும் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். மடி சில்லிட்டுவிட்டால் ஒரே நாளில் நஞ்சு உடலெங்கும் பரவி ஆடு இறக்கக்கூடும். ஊசி மருந்தாலும் குளுக்கோஸாலும் அது தேறிய பின் காம்பை வெட்டிச் சீழை வடியவிடுவதோ, மடியையே அகற்றுவதோ, பாலுக்காக அல்ல, உயிருக்காகத்தான் என்பதைக் கத்தி எடுக்கும் முன்பே உரியவரிடம் சொல்லிவிடுகிறேன்.